ஏ.பி.எஸ்.ஸா, பி.பி.யா?

கேள்வி: சிறிய மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். பழைய கார்களின் உள்பக்கப் பாகங்களுக்கு எந்த பிளாஸ்டிக் நல்லது?
- வாசகர், சேலையூர்

பதில்: உடைந்த பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பின்புறத்தில் பொருளின் பெயர் பதிந்திருக்கும். ‘பி.பி.-டி.டி.20’ என்றால் 20 சதவீதம் டால்க் தூள் கலந்த பாலிப்ரொப்பிலீன். அதையே பயன்படுத்துங்கள். ஏ.பி.எஸ்.ஸுக்காகச் செய்த அச்சில் பி.பி.யை ஊற்றாதீர்கள். ஏ.பி.எஸ். ஆறும்போது அரை சதவீதம் அளவுக்கே சுருங்கும்; டால்க் கலக்காத பி.பி. ஒன்றரை சதவீதம்கூடச் சுருங்கும். கிளிப் துளைகள் பொருந்தாது.

கதவின் அடிப்பகுதிக்கு பி.பி. போதும், விலையும் எடையும் குறைவு. ஆனால் பிரைமர் இல்லாமல் பெயின்ட் ஒட்டாது. பெயின்ட், குரோம் பூச்சு வேண்டுமென்றால் ஏ.பி.எஸ். கண்ணாடிக்குக் கீழே நேர் வெயில் வாங்கும் இடத்துக்கு பி.சி.-ஏ.பி.எஸ். கலவை. ஜி.எஸ்.டி. சாலையோரம் சித்திரை வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டலாம். 60 டிகிரியிலேயே இளகும் பி.எல்.ஏ.வில் 3டி பிரின்ட் செய்து கொடுப்பது தவறு.

மலிவான ஸ்கிராப் குருணையும் வேண்டாம், மூடிய காருக்குள் நாறும். ஏர்பேக் மூடியை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது பிளக்கும் விதத்தில் உயிர் இருக்கிறது. பொருளில் சந்தேகமென்றால் கிண்டி சிப்பெட்டில் சோதனைக்குக் கொடுங்கள்.