தேயிலைப் பெட்டியும் ஃபோர்ட் எஞ்சினும்

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெக்டரியில் ரோலரையும் டிரையரையும் பழுதுபார்த்தே என் காலம் போனது. இப்போது விமான ஆசை கொண்ட தம்பிமார் சிலர் பதுளையிலிருந்து வந்து போகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் எடுத்து வைப்பது பீட்டன்போல் ஏர் கேம்பரின் வரைபடம்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துச் செரி குரோவ் என்ற சிற்றூரில், பெரிய படிப்பில்லாத மெக்கானிக் பெர்னார்ட் பீட்டன்போல் கட்டிய இரண்டு இருக்கை மர விமானம் அது. 1929இல் அதில் ஃபோர்ட் மொடல் ஏ கார் எஞ்சினைப் பூட்டிப் பறந்தார். கார் எஞ்சின் விமானத்துக்கு உதவாது என்று எழுதிய பத்திரிகை ஆசிரியரிடமே 1930இல் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வரைபடம் 1932இல் வெளியானது. இன்றும் அதைப் பார்த்துக் கட்டுகிறார்கள்.

இப்படியான விமானத்தின் வரலாற்றை எஞ்சினைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். கைக்கு எட்டிய மலிவான எஞ்சின் எது என்பதில்தான் மற்றதெல்லாம் தொடங்குகிறது. நம் நாட்டு ரே விஜேவர்தனவும் அந்த வழி வந்தவர்தான். வயலுக்கு லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தை வடிவமைத்த அதே மனிதர், சிறு விமானங்களைத் தாமே கட்டி ஓட்டினார். அவரைப் பற்றி நம் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

அடுத்தது பலகை. பிரிட்டனின் வெனெஸ்டா கம்பனி முதலில் தேயிலைப் பெட்டிக்காகவே பிளைவூட் விற்றது. பின்னால் அதே தொழில் விமானங்களுக்கும் போனது. பழைய பெட்டியொன்று கிடைத்தால் ஓரத்தைப் பாருங்கள். ஓர் அடுக்கின் நார் நீளவாக்கில், அடுத்தது குறுக்காக. பலம் அங்கேதான் இருக்கிறது.

மலைக்காற்றையும் கணக்கில் எடுங்கள். பண்டாரவளை உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிடப் பத்திலொரு பங்குக்கு மேல் மெலிவு. 40 குதிரைவலு எஞ்சின் அங்கே 35 அளவில்தான் இழுக்கும். இறக்கையும் புரொப்பெலரும் கூடத் தளர்கின்றன. எரிபொருளும் ஆளும் இல்லாமலே ஏர் கேம்பர் ஏறத்தாழ 280 கிலோ. ஆகவே ஒவ்வொரு ஆணியையும் நிறுத்துப் பாருங்கள். பறக்கும் எண்ணம் இருந்தால், மரம் வாங்குமுன் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் போங்கள்.

பசை விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பழைய கேசீன் பசை ஈரத்தில் கெடும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மரத்தை உலர்த்திச் சுருக்கும். மார்கழி மழை ஊதவைக்கும். இரண்டு துண்டை ஒட்டி, இரண்டு பருவமும் வெளியில் கிடக்க விட்டு, பிறகு உடையுங்கள். ஒட்டு விட்டால் அந்தப் பசை வேண்டாம். மரமே கிழிந்தால் முதல் இறக்கை விலாவைத் தொடங்கலாம்.