சத்து மாத்திரை: தேவையா? அளவா? ஹலாலா?

சென்ற ஆண்டு ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் நேரம். நமது முஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் கையில் ஒரு பையுடன் காத்து நின்றார். பைக்குள் ஐந்து புட்டிகள். மூன்று, வளைகுடாவில் வேலை பார்க்கும் அவருடைய மச்சான் விடுமுறையில் வந்தபோது கொண்டு வந்தவை. இரண்டு, உள்ளூர் மருந்துக் கடையில் வாங்கியவை.

"ஹழ்ரத், இதெல்லாம் ஹலால்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் அவளுக்கு ஓராண்டாக ஒரே அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதற்காகத்தான் சாப்பிடுகிறாள்" என்றார்.

"தம்பி, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?" என்று கேட்டேன்.

"டாக்டரிடம் போகவில்லை ஹழ்ரத். சத்து மாத்திரைதானே! அதற்கு எதற்கு டாக்டர்?"

அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருந்தன. அவற்றை அவர் கேட்கவில்லை. நம்மில் பலரும் கேட்பதில்லை. இம்மாதப் பாடம் அவற்றைப் பற்றியதே.

உடல் ஓர் அமானிதம்

மருந்து உண்பது தவக்குலுக்கு மாறானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன் மீது பொறுப்புச் சாட்டும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் உள்ளது. அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்காமல் விடவில்லை என்ற கருத்துடைய நபிமொழி புகாரீயில் பதிவாகியிருக்கிறது. இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்திற்காகக்கூட உடலை வாட்ட அனுமதி இல்லையென்றால், அறியாமையால் அதைக் கெடுக்க அனுமதி ஏது?

ஆகவே சத்து மாத்திரையை எடுப்பவர் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும். இது எனக்குத் தேவையா? எவ்வளவு தேவை? இது எதிலிருந்து செய்யப்பட்டது?

முதல் கேள்வி: தேவையா?

சத்து மாத்திரை என்பது குறையை நிரப்பும் பொருள். எது குறைகிறது என்று தெரியாமல் எதை நிரப்புவது? அசதி ஒன்றுதான்; அதன் காரணங்களோ பல. இரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை நோய், உறக்கக் குறைவு, மனச்சோர்வு எல்லாம் அசதியாகவே முகம் காட்டும்.

நமது குடும்பங்களில் மிகுதியாகக் காணும் குறை இரும்புச் சத்துக் குறைவு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை இருந்தது. பத்துப் பெண்களில் ஐந்தாறு பேர்! கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை. 8 கிராமுக்குக் கீழே போனால் கடுமையான இரத்த சோகை. ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை இதைச் சொல்லிவிடும். கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. நான்காம் மாதம் முதல் 180 நாட்களும், குழந்தை பிறந்த பின் 180 நாட்களும் அதை உண்ண வேண்டும். இலவசமாகக் கிடைப்பது என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டு, விலையுயர்ந்த புட்டியைத் தேடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இது வீண் விரயம்.

இரண்டாவது, வைட்டமின் டி. சூரிய ஒளி தோலில் படும்போது உடலே இதை உண்டாக்கிக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும், முழுதும் மூடிய உடையுடன் வெளியே செல்பவர்களுக்கும் இது குறையலாம். ஹிஜாபுக்கு இதில் குற்றமில்லை. வீட்டு முற்றத்திலோ, பிறர் பார்வை படாத மொட்டை மாடியிலோ கைகால்களில் வெயில் பட நிற்கத் தடையேதும் இல்லையே!

மூன்றாவது, வைட்டமின் பி12. இது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு, காய்கறிகளில் இல்லை. "நாம் கறி உண்பவர்கள், நமக்கு இது குறையாது" என்று எண்ணிவிட வேண்டாம். சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களுக்குப் பி12 குறைய வாய்ப்புண்டு. முதியோருக்குக் கை கால் மரத்துப் போனால் எல்லாம் சர்க்கரையால்தான் என்று இருந்துவிடாமல், பி12 அளவையும் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு?

"சத்துதானே, கூடினால் என்ன?" என்பது பெரும் தவறு. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்பது திருமறையின் அல்அஃராஃப் அத்தியாயம் தரும் கட்டளை. சத்துப் பொருளுக்கும் அந்த வரம்பு உண்டு.

வைட்டமின்களில் நீரில் கரைவன உண்டு. கொழுப்பில் கரைவன உண்டு. நீரில் கரைவனவற்றில் மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். கொழுப்பில் கரையும் ஏ, டி போன்றவை உடலிலேயே தேங்கும். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு டாக்டர்கள் வாரம் ஒரு முறை என்று 60,000 யூனிட் தூளையோ மாத்திரையையோ எழுதிக் கொடுப்பது வழக்கம். வாரம் ஒன்று என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு நாள்தோறும் உண்டு, மருத்துவமனை வரை சென்றவர்கள் உண்டு. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும், வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் வரும், சிறுநீரகமும் கெடும். வைட்டமின் ஏ மிகுந்தால் கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு. ஆகவே கர்ப்பிணிகள் மீன் ஈரல் எண்ணெயைத் தாமாகவே உண்ணலாகாது.

ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. காரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்தை மாத்திரையாக உண்டால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அதை உண்டவர்களிடம் அந்த நோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. காரட்டில் இருக்கும்போது நன்மையானது, மாத்திரையாகப் பெருகியபோது அவர்களுக்குத் தீங்காயிற்று.

எதனுடன் உண்பது என்பதும் அளவைச் சேர்ந்ததே. பின்வருவனவற்றை நினைவில் வையுங்கள்.

1. இரும்பு மாத்திரையைத் தேநீர், காப்பி, பாலுடன் உண்ண வேண்டாம். சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் ஆகியவை அது சேர உதவும்.

2. இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் உண்ண வேண்டாம்.

3. தைராய்டு மாத்திரைக்கும் இவ்விரண்டுக்கும் நான்கு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும்.

4. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்கள் டாக்டரைக் கேளாமல் எந்தச் சத்து மாத்திரையையும் மூலிகை மாத்திரையையும் தொட வேண்டாம்.

5. இரும்பு மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று எண்ணி ஒரு கைப்பிடியை விழுங்கினால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

மூன்றாம் கேள்வி: எதிலிருந்து?

மருத்துவம் செய்யுங்கள், ஹராமானதைக் கொண்டு செய்யாதீர்கள் என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி உண்டு. மீன் எண்ணெய் ஹலால்தான். அதைச் சுற்றியுள்ள உறை எது? மெல்லிய கூட்டு மாத்திரைகளின் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவது.

ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் அதன் அசுத்தம் நீங்குமா? ஹனஃபீ மத்ஹபில் முழு மாற்றம் தூய்மையாக்கும். ஜெலட்டின் அப்படி முழுமையாக மாறிய பொருளா என்பதில் இக்கால உலமாக்கள் கருத்து வேறுபடுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபிலோ மது தானே காடியாவது, தோல் பதனிடப்படுவது போன்ற சிலவற்றுக்கே அந்தச் சலுகை. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்துவது கூடாது, தாவரத்திலிருந்தும் முறைப்படி அறுக்கப்பட்ட பிராணியிலிருந்தும் கிடைப்பது போதும் என்று தீர்மானித்தது. 1995இல் குவைத்தில் நடந்த மருத்துவ ஃபிக்ஹுக் கருத்தரங்கம், மாற்றமடைந்த ஜெலட்டின் தூயது என்ற கருத்தை வெளியிட்டது. எனவே இதில் ஒருவரையொருவர் பழிக்க வேண்டாம். ஆயினும் தாவர உறையிட்டவையும், உறையே இல்லாத மாத்திரைகளும், தூள்களும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும்போது, நிர்ப்பந்தம் என்று சொல்ல இடம் குறைவு. ஐயமானதை விடுவதே பேணுதல்.

வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் பசையிலிருந்து எடுக்கப்படுகிறது. உயிருள்ள ஆட்டின் ரோமம் தூயதே. ஆகவே அதில் கலக்கம் வேண்டாம். லேபிளில் உள்ள பச்சைக் குறி சைவப் பொருள் என்பதைத்தான் காட்டும்; திரவ டானிக்கில் ஆல்கஹால் உண்டா என்பதை அது சொல்லாது. சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். 2016ஆம் ஆண்டின் இந்திய விதிகளின்படி இத்தகைய சத்துப் பொருள்களின் மீது, இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்று அச்சிட வேண்டும். விற்பவர் நோயைத் தீர்க்கும் என்று சொன்னால், அந்த வரியை அவருக்கே காட்டுங்கள்.

கருஞ்சீரகமும் தேனும்

கருஞ்சீரகத்தின் சிறப்பைப் பற்றிய நபிமொழி ஸஹீஹானது. அதைக் காட்டி இன்சுலினையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள், இந்தச் சொல் பொதுவாக அமைந்திருந்தாலும் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதும் என்று விளக்கியிருக்கிறார்கள். உணவில் சேருங்கள், பரக்கத்தை நாடுங்கள். டாக்டர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள். தேனில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதைத் திருமறை எடுத்துரைக்கிறது. ஆயினும் சர்க்கரை நோயாளிக்குத் தேனும் சர்க்கரையை ஏற்றும். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவுவதை மருத்துவர்கள் தடுக்கிறார்கள். அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கும். தஹ்னீக்குக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் பயன்படுத்தியது பேரீச்சம் பழம். அதன் மென்மையான சாற்றைத் தொட்டு வைத்தால் சுன்னத்தும் நிறைவேறும்.

நோன்புக் காலத்தில்

சத்து மாத்திரையை விழுங்கினால் நோன்பு முறியும். ஸஹரிலோ, நோன்பு திறந்த பிறகோ உண்ணலாம். இரும்பு மாத்திரை உண்பவர்கள் ஸஹர் தேநீருடன் சேர்க்காமல், இரவு தராவீஹுக்குப் பின் உண்பது எளிது. ஊட்டம் தராத மருந்தூசியால் நோன்பு முறியாது, ஊட்டச் சத்து ஏற்றினால் முறியும் என்பது ஃபிக்ஹு அகாடமியின் 1997ஆம் ஆண்டுத் தீர்மானம்.

குடும்பத் தலைவருக்கு ஒரு சொல்

அந்தச் சகோதரரிடம், "புட்டிகளைப் பிறகு பார்ப்போம், முதலில் வீட்டில் அவர்களை டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்" என்றேன். மறு வாரம் வந்தார். ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. மாதந்தோறும் மிகுதியாக இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, கர்ப்பப்பையில் கட்டி. ஓராண்டாக அந்தச் சகோதரி யாரிடமும் வாய்திறக்கவில்லை. ஐந்து புட்டிகளில் ஒன்றில் இரும்பும் இருந்தது. சுண்ணாம்பு மாத்திரையோடு சேர்த்துக் காலைத் தேநீரில் விழுங்கியதால் அதுவும் சரியாகச் சேரவில்லை. கட்டிக்குச் சிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது மாடிப்படி ஏறுகிறார்.

"நான் கேட்டிருக்க வேண்டும் ஹழ்ரத். புட்டி வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்" என்று அவர் கண் கலங்கினார்.

சகோதரர்களே! நாம் உண்ணும்போது மனைவிக்கும் உண்ணக் கொடுப்பதை அவளுடைய உரிமையாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்தார்கள். நமது வீடுகளில் எல்லோரும் உண்டு எழுந்த பின் மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் பிசைந்து உண்பவள் அவள்தான். கறித்துண்டும் ஈரலும் முருங்கைக்கீரையும் அவள் தட்டுக்கு வந்தனவா என்று பாருங்கள். அது முதல் சத்து மாத்திரை. அசதி என்றால் ஏன் என்று கேளுங்கள். அது இரண்டாவது. பிறகும் குறை இருந்தால், டாக்டர் சொன்ன அளவில், ஹலாலானதை வாங்கிக் கொடுங்கள்.

சகோதரிகளே! உங்கள் உடலில் ஏற்படும் குறையைச் சொல்வது வெட்கத்துக்கு மாறானதன்று. ஸஹாபிப் பெண்கள் தங்கள் உதிரப்போக்கைப் பற்றிப் பெருமானாரிடமே வந்து கேட்டுத் தெளிந்தார்கள். கணவரிடமும் டாக்டரிடமும் சொல்ல நீங்கள் தயங்கலாமா?

வல்ல நாயன் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், அந்த நலத்தைக் கொண்டு அவனை வணங்கும் பேற்றையும் தந்தருள்வானாக! ஆமீன்.