சிறிய வீட்டில் ஓர் உயிர்

படிக்கும் முன் சிந்தியுங்கள்

• உங்கள் வீட்டில் செல்லப்பிராணி உண்டா? இல்லையென்றால், எதை வளர்க்க விரும்புகிறீர்கள்? ஏன்?
• ‘இதை வளர்ப்பது எளிது’ என்று ஒரு பிராணியைப் பற்றி யாராவது சொன்னால், அதற்கு என்ன பொருள் என்று நினைக்கிறீர்கள்?

வாசிப்புப் பகுதி

தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டை எண்ணிப் பாருங்கள். பெயர்தான் மூவறை, படுக்கையறைகள் இரண்டே. ஏறத்தாழ 65 சதுர மீட்டர் பரப்புள்ள அந்த வீட்டில் ஐந்து பேர் வசிக்கின்றனர். அப்பாவுக்கு இரவு வேலை. காலையில் வீடு திரும்பி, பிற்பகல் வரை உறங்குவார். பாட்டி வரவேற்பறையில் அமர்ந்து வானொலி கேட்பார். எட்டு வயதுத் தம்பிக்கு ஆஸ்துமா உண்டு. உயர்நிலை இரண்டில் படிக்கும் அக்காவுக்கோ, ஒரு செல்லப்பிராணி வேண்டும் என்ற ஆசை.

“எனக்கு நாய்க்குட்டி வேண்டும், அம்மா” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

அம்மா உடனே மறுக்கவில்லை. “ஆசையைச் சொல்லிவிட்டாய். இனி வேலையைச் சொல். எந்தப் பிராணி வந்தாலும், அதற்காக யார், எப்போது, என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. பிறகு பேசலாம்” என்றார்.

அந்தத் தாளை நிரப்ப அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவள் தேடி அறிந்தவற்றை நாமும் பார்ப்போம்.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

முதலில் அவள் பார்த்தது விதிமுறைகளை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் எல்லா நாய்களையும் வளர்க்க முடியாது. பொதுவாக, அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றை மட்டுமே வளர்க்கலாம். அதற்கு உரிமம் பெற வேண்டும். பூனைகளுக்குப் பல ஆண்டுகளாக அனுமதியே இல்லை. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி முதல்தான் வீவக வீடொன்றில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்ற விதி நடப்புக்கு வந்தது. பூனைக்கும் உரிமமும் அதன் தோலுக்கடியில் பொருத்தப்படும் நுண்சில்லும் தேவை.

முயல், வெள்ளெலி, கினிப்பன்றி, சின்சில்லா போன்ற சிறு பிராணிகளை வளர்க்கத் தடையில்லை. ஆனால், இணையக் காணொளிகளில் அழகாகத் தோன்றும் முள்ளெலி, சுகர் கிளைடர், இகுவானா, நட்சத்திர ஆமை ஆகியவற்றைச் சிங்கப்பூரில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். “காணொளியில் பார்த்தேன்” என்பது காரணம் ஆகாது.

எது அமைதியானது?

அமைதியான பிராணி என்றால் சத்தமே போடாதது என்று பலர் நினைக்கின்றனர். அடுக்குமாடி வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அது எந்த நேரத்தில் சத்தம் போடும்?

தனியாக விடப்படும் நாய் பகலில் குரைக்கலாம். பகலில் உறங்கும் அப்பாவுக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் அது தொல்லை. பல பறவைகள் விடியும்போதே குரல் எழுப்பத் தொடங்கிவிடும். வெள்ளெலி பகலெல்லாம் சுருண்டு தூங்கும். இரவில் விழித்துக்கொண்டு சக்கரத்தில் ஓடும். சக்கரம் கிறீச்சிட்டால், அதே அறையில் படுப்பவருக்குத் தூக்கம் போய்விடும். கினிப்பன்றி உருவத்தில் சிறியதுதான். ஆனால், கீரைப் பை சலசலத்தால் போதும், உணவு வருகிறது என்று விசிலடிப்பதுபோல் கீச்சிடும். அதோடு, அது கூட்டமாக வாழும் இனம். ஒன்றை மட்டும் தனியே வளர்ப்பது அதற்கு நல்லதன்று.

முயல் பெரும்பாலும் அமைதியானது. அச்சம் வந்தால் மட்டும் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். மீனுக்குக் குரலே இல்லை. ஆனால், மீன்தொட்டியின் வடிகட்டி மெல்ல இரைந்துகொண்டிருக்கும். ஆக, ஒரு பிராணியின் இயல்பையும் நம் வீட்டாரின் அன்றாட நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு நாம் ஏற்றவர்களா?

“முயல் வாங்கலாம், அக்கா! மெதுமெதுவென்று இருக்கும்” என்றான் தம்பி. அவளுக்கும் ஆசைதான். ஆனால், விலங்குகளின் தோலிலிருந்து உதிரும் நுண்துகள்கள் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். முயலுக்கு முக்கிய உணவான காய்ந்த புல்லின் தூசியும் அப்படியே. ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் உரோமப் பிராணியை வாங்குவது நல்லதன்று. வாங்கிய பிறகு தம்பிக்கு மூச்சுத் திணறினால், துன்பம் இருவருக்கு: ஒருவன் மருத்துவமனைக்குச் செல்வான், மற்றொன்று வீட்டைவிட்டு வெளியேற்றப்படும்.

வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. சின்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது. குளிரைத் தாங்குவதற்காக அதன் உரோமம் மிக அடர்த்தியாக வளர்கிறது. நம் ஊர் வெயிலில் அது வாழ வேண்டுமென்றால் நாளெல்லாம் குளிர்சாதனம் இயங்க வேண்டும். முயலுக்கும் கடும் வெப்பம் ஆபத்தானது. ‘சிறிய பிராணி, சிறிய செலவு’ என்ற கணக்கு இங்கே தவறிவிடுகிறது.

எத்தனை ஆண்டுகள்?

வெள்ளெலியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். முயல் எட்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பூனை பதினைந்து ஆண்டுகளைக் கடக்கலாம். இதை எழுதும்போது அவள் தன் வயதையும் அருகில் குறித்துக்கொண்டாள். இன்று பூனைக்குட்டி ஒன்றை வாங்கினால், அவள் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் அது அவளை நம்பியே இருக்கும்.

கடைசியாக, “ஆமை: சத்தம் இல்லை, உரோமம் இல்லை, வேலை குறைவு” என்று எழுதினாள். சிவப்புக்காது ஆமை வளர்ப்பதற்கு அனுமதியும் உண்டு. விடை கிடைத்துவிட்டது என்று எண்ணி, தாளை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“உன் வயதில் நானும் இதையேதான் நினைத்தேன். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தில் ஓர் ஆமை வாங்கினேன். அப்போது அது தீப்பெட்டியைவிடச் சிறியது. சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்துவிட்டது. தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் வீடே நாறும். எனக்குத் தேர்வு நேரம். தாத்தா அதை ஒரு வாளியில் எடுத்துப்போய்ப் பூங்காக் குளத்தில் விட்டுவிட்டார். அதற்கு விடுதலை கொடுத்தோம் என்று நினைத்து நானும் கையசைத்தேன்.”

“அது அங்கே நன்றாக இருந்திருக்கும் அல்லவா, அம்மா?”

“தெரியாது. அதைத்தான் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.”

அம்மாவின் பதில் அவளை மீண்டும் தேட வைத்தது. சிவப்புக்காது ஆமை இருபது, முப்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியது. அதன் ஓடு 30 சென்டிமீட்டர் வரை வளரலாம். அதன் தாயகம் வட அமெரிக்கா. வீட்டில் வளர்ந்த பிராணிகள் பலவற்றுக்குத் தாமாக இரை தேடத் தெரியாது. திறந்த வெளியில் விடப்பட்டால் அவை மடிந்துவிடும். பிழைத்துக்கொள்பவையோ, உள்ளூர் உயிரினங்களின் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியாகின்றன. சிவப்புக்காது ஆமை அத்தகையது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் என்று அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் அதுவும் இடம்பெற்றுள்ளது. நம் மண்ணுக்குரிய மலாயா பெட்டி ஆமை போன்றவை அதனோடு போட்டியிட வேண்டியுள்ளது.

இதனால்தான் பிராணிகளைப் பூங்காவிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது குற்றமாகக் கருதப்படுகிறது. விசாக தினத்தை ஒட்டி உயிரினங்களை விடுவிப்பதைப் புண்ணியமாகக் கருதுவோர் உண்டு. அக்காலத்தில் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தொண்டூழியர்களுடன் சேர்ந்து, அவ்வாறு செய்ய வேண்டாம் என்று மக்களுக்கு எடுத்துரைக்கின்றன.

அவள் தாளில் ‘ஆமை’ என்ற சொல்லை அடித்துவிட்டாள்.

தாளில் எஞ்சியது

பட்டியலில் எஞ்சியது மீன். அதிலும், தனியாக வாழும் சண்டைமீனை அவள் தேர்ந்தெடுத்தாள். தாய்லாந்தின் ஆழமற்ற நீர்நிலைகளும் வயல்களும் அதன் பூர்வீகம். அதனால் நம் நாட்டு வெப்பம் அதற்கு ஒத்துவரும். நீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை. செவுள்களோடு காற்றைச் சுவாசிக்க உதவும் தனி உறுப்பும் அதற்கு உண்டு. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை உள்ளிழுக்கும்.

இந்தத் திறனே அதற்கு எதிரியாகிவிட்டது. “காற்றைச் சுவாசிக்கிறதே, ஒரு குவளைத் தண்ணீர் போதும்” என்று பலர் அதைச் சின்னஞ்சிறு கண்ணாடிக் குவளையில் அடைக்கின்றனர். அதில் அது உடனே சாகாது, வாழவும் செய்யாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. நீர் குறைவாக இருந்தால் நஞ்சின் செறிவு விரைவில் கூடிவிடும். எனவே, 20 லிட்டர் தொட்டி ஒன்றை வாங்க அவள் முடிவு செய்தாள். நீர் மட்டுமே 20 கிலோகிராம் எடை என்பதால், மெல்லிய புத்தக அலமாரியில் அதை வைக்க முடியாது. சண்டைமீன் துள்ளிக் குதிக்கும் என்பதால் மூடியும் வேண்டும். ஆண் மீன்கள் ஒன்றோடொன்று சண்டையிடும் என்பதால் ஒரே ஒரு மீன்தான்.

மற்றொரு செய்தியையும் அவள் குறித்துக்கொண்டாள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகளை அழிக்கக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. நாம் அதைக் குடிக்கலாம். மீனின் செவுள்களுக்கோ அது கேடு. தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்திருந்தால் குளோரமின் நீங்கிவிடாது. அதை நீக்கும் மருந்தை அளந்து கலந்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

அம்மா தாளை முழுவதும் படித்தார். “வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுவது யார்?”

“நான், அம்மா. சனிக்கிழமை காலையில்.”

“உனக்குத் தேர்வு வந்தால்?”

அவள் தம்பியைப் பார்த்தாள். “வாளியை நான் பிடிப்பேன், மருந்தைப் பாட்டி அளந்து கொடுப்பார்” என்றான் அவன்.

“விடுமுறையில் ஜொகூருக்குப் போனால்?”

“பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் கேட்டுவிட்டேன். தினமும் இரண்டு மூன்று உருண்டை உணவு மட்டும் போடச் சம்மதித்திருக்கிறார்.”

அம்மா தாளின் அடியில் கையெழுத்திட்டார்.

காத்திருப்பு

தொட்டி வந்தது. மீன் வரவில்லை. அமோனியாவை மாற்றித் தீங்கைக் குறைக்கும் நுண்ணுயிரிகள் வடிகட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகை மீனுணவைத் தொட்டியில் போட்டு, சோதனை மருந்தால் நீரைப் பரிசோதிக்க வேண்டும். 

“மீனில்லாத தண்ணீரில் கொசு முட்டையிடாதா?” என்று பாட்டி கேட்டார். நல்ல கேள்விதான். ஏடிஸ் கொசு தேங்கிய நீரைத் தேடி வரும். ஆகவே, மூடியை இடைவெளியின்றி மூடி, வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டார்கள்.

“மீன் எப்போது வரும்?” என்று தம்பி நாள்தோறும் கேட்டான். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தான். ஆறாம் வாரம், சோதனை நீரில் அமோனியா இல்லை என்று தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை ஒரு நீல நிறச் சண்டைமீன் வீட்டுக்கு வந்தது.

அதை மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது. நடைப்பயிற்சிக்கு அழைத்துச் செல்லவும் முடியாது. அதன் ஆயுளும் சில ஆண்டுகளே. இவையெல்லாம் தெரிந்தே அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இரவு வேலை முடிந்து வரும் அப்பா, உறங்கப்போகும் முன் தொட்டியருகே சற்று நேரம் உட்காருகிறார். அம்மா கையெழுத்திட்ட தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கிறது.

சொற்பொருள்

உரிமம் – அதிகாரபூர்வ அனுமதி
நுண்சில்லு – அடையாளத் தகவலைக் கொண்ட மிகச் சிறிய மின்னணுப் பொருள்
ஒவ்வாமை – ஒரு பொருள் உடலுக்கு ஏற்காததால் உண்டாகும் பாதிப்பு
ஊடுருவல் இனம் – வேற்றிடத்திலிருந்து வந்து உள்ளூர் உயிர்களுக்குக் கேடு விளைவிக்கும் இனம்
செவுள் – மீன் நீரில் சுவாசிக்க உதவும் உறுப்பு
செறிவு – ஒரு பொருள் கலந்திருக்கும் அடர்த்தி

கருத்தறிதல்

1. அம்மா மகளிடம் ஏன் ஒரு தாளில் எழுதி வரச் சொன்னார்?
2. வெள்ளெலி, கினிப்பன்றி ஆகிய இரண்டும் ‘அமைதியான பிராணிகள்’ என்பதை ஏற்கிறீர்களா? பகுதியிலிருந்து சான்று காட்டுக.
3. “அதைத்தான் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.” இவ்வாறு கூறும்போது அம்மாவின் மனநிலை எவ்வாறு இருந்திருக்கும்? விளக்குக.
4. “அதில் அது உடனே சாகாது, வாழவும் செய்யாது.” இவ்வரியின் பொருளை உங்கள் சொந்த நடையில் எழுதுக.
5. தாத்தா ஆமையைக் குளத்தில் விட்டதற்குப் பதிலாக வேறு என்ன செய்திருக்கலாம்? இரண்டு வழிகளைக் கூறுக.

செயற்பாடு

நால்வர் கொண்ட குழுவாக அமருங்கள். உங்களில் ஒருவரின் வீட்டை எடுத்துக்கொண்டு, அங்கு வசிப்பவர்களின் நேரம், உடல்நலம், இடவசதி ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். அவ்வீட்டுக்கு ஏற்ற பிராணி எது என்று கலந்துரையாடி, காரணங்களுடன் வகுப்பில் படையுங்கள். ‘இப்போதைக்கு எந்தப் பிராணியும் வேண்டாம்’ என்பதும் தக்க காரணம் இருந்தால் சரியான முடிவே.