விரைவும் மின்செலவும்

சென்னைக்கு மேற்கே, 1964ஆம் ஆண்டில் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் கேட்டது கடைசல் பொறிகளின் ஓசையே. இன்று அங்கு வேறுவகைக் கூடங்களும் எழுந்துள்ளன. அவை தரவு மையங்கள். அடுக்கடுக்காகக் கணிப்பொறிகள் இரவும் பகலும் இயங்கும் இடங்கள். 2024ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பெற்ற ஒரு மையத்தின் முதற்பகுதி மட்டும் 20 மெகாவாட் அளவுக்கு அமைக்கப்பட்டதாகும். இத்துணை மின்சாரத்தை உண்ணும் பொறிகளை எந்நிலையில் இயக்குவது என்பது சிறு வினா அன்று.

கணிப்பொறியில் மாற்றத்தக்க அமைப்புகள் பல உண்டு. செயலியின் துடிப்பு வேகம், அதற்கு ஊட்டும் மின்னழுத்தம், அதனுள் ஒரே வேளையில் உழைக்கும் உட்கருக்களின் எண்ணிக்கை என்பன அவற்றுட் சில. செயலி உழைப்பதால் செலவாகும் திறன், துடிப்பு வேகத்திற்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப மாறும். இரண்டையும் ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்தால், 100 வாட் ஏறத்தாழ 51 வாட்டாக இறங்கும். வேலை முடியும் நேரமோ 100 நொடியிலிருந்து 125 நொடியாக நீளும்.

அப்படியாயின் மெல்ல ஓட்டுவதே சிக்கனம் என்று எவரும் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் எப்போதும் பொருந்தாது. நினைவகம், விசிறி முதலிய பிற உறுப்புகள் 60 வாட் கொள்ளுமாயின், முன்பு 16,000 ஜூல் செலவான வேலைக்கு இப்போது சுமார் 13,900 ஜூலே போதும். அவை 200 வாட் கொள்ளுமாயின், 30,000 ஜூல் என்பது சுமார் 31,400 ஆக ஏறிவிடும்! நேரமும் போயிற்று, மின்சாரமும் போயிற்று.

எனின், எல்லாவற்றையும் சோதித்தே பார்த்துவிடலாகாதோ? பத்து அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள் எனக் கொண்டால் 10,48,576 சேர்க்கைகள் தோன்றும். சோதனை ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும், ஒரு பொறியில் முடிக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அப்பொறியே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆதலின் அறிஞர் சில நூறு சேர்க்கைகளை மட்டும் தேர்ந்து அளக்கின்றனர். அவ்வளவுகளைக் கொண்டு, எஞ்சியவற்றை முன்னறியும் கணித மாதிரி ஒன்றை அமைக்கின்றனர். பின்னர் அளந்தறியாத சில சேர்க்கைகளில் பொறியை ஓட்டி, மாதிரி கூறிய எண்ணோடு ஒப்பிடுகின்றனர். இவ்வொப்பீடு இன்றி மாதிரியை நம்புதல் தகாது.

அமைப்புகள் ஒன்றையொன்று பற்றி நிற்பன. உட்கருக்களைப் பெருக்கினால் வேலை விரைவது உண்மையே. ஆயினும் நினைவகத்திலிருந்து தரவு வரும் வழி நெருக்கடியானால், கூடுதல் உட்கருக்கள் வாளா காத்துக்கிடக்கும். ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியே மாற்றி அளந்தவருக்கு இது புலப்படாது. வெப்பம் மிகுந்தால் செயலியிற் கசியும் மின்னோட்டமும் மிகும்; குளிரூட்டும் செலவும் ஏறும். எனவே மார்கழியில் அளந்து அமைத்த மாதிரி கத்திரி வெயிலில் பிசகக்கூடும். அப்போது மீண்டும் அளக்கவே வேண்டும்.