தெளிந்த தண்ணியிலும் உப்பு இருக்கும்

நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து வயலுக்கு விடலாமா என்று கேட்டால் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள். மீதிப்பேர் "இஸ்ரேலைப் பாருங்க" என்பார்கள். சரி, இஸ்ரேலையே பார்ப்போம்.

அங்கே கழிவுநீரில் ஏறக்குறைய 90 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. டெல் அவிவ் வட்டாரத்துச் சாக்கடை ஷாஃப்டான் நிலையத்துக்கு வருகிறது. நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று முடித்ததும், தண்ணீரைக் கடலோர மணற்பரப்பில் தேக்கி, மண்ணுக்குள் இறங்க விடுகிறார்கள். மாதக்கணக்கில் மணலுக்குள் கிடந்து வடிகட்டிய நீரைக் கிணறுகளில் இறைத்து, நெகேவ் வறண்ட நிலத்துக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். கிருமியைப் பொறுத்தவரை அருமையான ஏற்பாடு.

ஆனால் சோப்பு, சலவைத்தூள், சமையல் உப்பு இவற்றிலிருந்து வரும் சோடியத்தை நுண்ணுயிரும் தின்னாது, மணலும் பிடித்து வைக்காது. களிமண் நிலத்து அவகாடோ தோப்புகளில் பல ஆண்டுகள் சுத்திகரித்த நீர் பாய்ந்தபின் விளைச்சல் குறைந்ததை அங்குள்ள ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடும், மண்துளை அடைபடும், காற்றில்லாமல் வேர் திணறும். நம்ம கரிசலுக்கும் இதேதான். மணற்பாங்கான மண்ணில் தொல்லை குறைவு.

வங்கியில் இருந்தவன், கணக்காகவே சொல்லிவிடுகிறேன். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சினால் சுமார் 1 லட்சம் லிட்டர். உப்பு வரவு 100 கிலோ. பத்துப் பாய்ச்சலில் 1 டன்! பயிர் எடுப்பது சொற்பம். மழை கீழே கழுவினால்தான் பற்று. மழையில்லாத ஊரில் பற்று எங்கே எழுதுவது?

நல்ல வரவும் உண்டு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால் அதே பத்துப் பாய்ச்சலில் 20 கிலோ சேரும். அதைக் கழிக்காமல் எருவையும் வழக்கம்போல் போட்டால் பயிர் கொழுத்துப் பூச்சியைக் கூப்பிடும்.

ஆகவே யாராவது இந்த நீரைத் தருகிறேன் என்றால், முதலில் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஈ.சி. எனும் மின்கடத்துத்திறன் 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் உப்புப் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் வேண்டாம். சோடியம் விகிதமும் போரானும் அறிக்கையில் இருக்க வேண்டும். சாயப்பட்டறை, தோல் ஆலைக் கழிவு கலக்கிறது என்றால் பேச்சே வேண்டாம். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொத்தமல்லிக்கு விடாதீர்கள். தென்னைக்கும் பருத்திக்கும் சொட்டுநீரில் விடலாம். அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.