தடுமாறும் மின்சைகையும் அதன் காரணமும்

மாணவ மணிகளே! பிறர் செய்த கருவிகளை வாங்கிப் பயன்படுத்துவது ஒரு நிலை. அவற்றை நாமே செய்து பார்ப்பது அதனினும் உயர்ந்த நிலை. இவ்வுயர்ந்த நிலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வன மின்னணுப் பயிற்சிப் பலகைகள். அவற்றுள் பலரும் அறிந்தது ஆர்டுவினோ. 2005ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில், மாணவர் குறைந்த செலவில் கருவி செய்து பழகுதற்பொருட்டு இஃது உருவாக்கப்பட்டது. 2010இல் வெளிவந்த ‘ஊனோ’ என்னும் வகையை எடுத்துக்கொண்டு இப்பாடத்தைப் பயில்வோம்.

ஊனோ பலகையில் 14 இலக்க முனைகள் உள்ளன. நாம் எழுதும் நிரலுக்கேற்ப ஒவ்வொரு முனையும் மின்சைகையை வெளியிடும், அல்லது உள்வாங்கும். 5 வோல்ட்டு என்றால் ‘ஆம்’. 0 வோல்ட்டு என்றால் ‘இல்லை’. பலகை அறிந்த மொழி இவ்வளவே.

ஆயினும், சில வேளைகளில் விளக்கு தன் விருப்பம்போல் மின்னுகிறது, மோட்டார் நடுங்குகிறது. உடனே, “பலகை கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டி, புதியது வாங்கப் பெற்றோரிடம் பணம் கேட்கிறோம். அப்பணம் வெயிலிலும் மழையிலும் உழைத்து ஈட்டியது அன்றோ? பலகைக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. காரணமின்றி அது தடுமாறாது. அக்காரணங்களுள் முதன்மையானவற்றைக் காண்போம்.

1. பற்றுக்கோடு இல்லாத முனை

சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரியும்படி ஒரு கருவி செய்கிறோம் எனக் கொள்வோம். சுவிட்சின் ஒரு புறத்தை 5 வோல்ட்டிலும் மறு புறத்தை 2ஆம் முனையிலும் இணைக்கிறோம். அழுத்தும்போது அம்முனைக்கு 5 வோல்ட்டு கிடைக்கிறது. கையை எடுத்ததும் 0 வோல்ட்டு கிடைக்குமா? கிடைக்காது. அம்முனை எதனோடும் சேராமல், கயிறறுந்த பட்டம்போல் அலைகிறது.

இச்சில்லு 1.5 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்டதை ‘இல்லை’ என்றும், 3 வோல்ட்டுக்கு மேற்பட்டதை ‘ஆம்’ என்றும் உறுதியாகப் படிக்கும். இடைப்பட்டதை எவ்வாறு படிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. சுவரில் ஓடும் அக்கம்பியின் தாக்கமே அலையும் முனையை ஆட்டப் போதும். கையை அருகில் கொண்டுசென்றாலே விளக்கு மின்னுவது இதனால்தான்.

இதனைத் தீர்ப்பது எளிது. 2ஆம் முனைக்கும் தரை முனைக்கும் இடையே 10,000 ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால், சுவிட்சு விடுபட்டதும் முனை 0 வோல்ட்டில் நிலைபெறும்.

2. துள்ளும் சுவிட்சு

ஒரு முறை அழுத்தியதைப் பலகை மூன்று முறை என்று எண்ணுவதும் உண்டு. சுவிட்சினுள் இருக்கும் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டவுடன் அடங்குவதில்லை; தரையில் விழுந்த பந்துபோல் சிறிது துள்ளுகின்றன. நம் கண்ணுக்கு அது புலப்படாது. நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகளோடு இயங்கும் சில்லுக்கோ ஒவ்வொரு துள்ளலும் ஓர் அழுத்தமாகத் தோன்றும். முதல் தொடுகைக்குப் பின் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் பொறுத்து, மீண்டும் படிக்குமாறு நிரல் எழுதினால் போதும்.

3. மின்வலிமைக் குறைவு

ஒரே குழாயிலிருந்து பல வீடுகளுக்கு நீர் செல்லும்போது, அண்டை வீட்டார் குழாயைத் திறந்தால் நம் வீட்டு நீர் மெலிகிறது. மின்னோட்டமும் அவ்வாறே. ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை எடுப்பதே நன்று. 40 மில்லி ஆம்பியர் மீறக்கூடாத எல்லை. 220 ஓம் மின்தடையோடு சேர்ந்த சிறு எல்.இ.டி. விளக்கு இதற்குள் அடங்கும். மோட்டார் அடங்காது. சிறிய மோட்டாரும் புறப்படும்போது பல நூறு மில்லி ஆம்பியர் இழுக்கக்கூடும். அப்போது மின்னழுத்தம் சரிகிறது; சில்லு மயங்கி, நிரலை முதலிலிருந்து தொடங்குகிறது. மோட்டாருக்குத் தனி மின்கலம் வைப்பதே இதற்கு மருந்து. சாதாரண மோட்டாரை முனையோடு நேரே இணைக்காமல், டிரான்சிஸ்டர் வழியாக இயக்க வேண்டும்.

4. பொதுத் தரை இன்மை

தனி மின்கலம் வைத்த பின்னும் மோட்டார் நடுங்கினால், தரை இணைப்பை நோக்க வேண்டும். ஒருவர் தரையில் நின்றும் மற்றவர் படிக்கட்டில் நின்றும் ஒரே சுவரை அளந்தால் இருவர் கணக்கும் ஒத்து வருமா? மின்னழுத்தமும் ஓர் அடித்தளத்திலிருந்து அளக்கப்படுவதே. ஆதலின், மின்கலத்தின் எதிர்முனையைப் பலகையின் தரை முனையோடு இணைத்தல் வேண்டும். நேர்முனைகளைச் சேர்த்துவிடலாகாது.

5. வேறு கடமை உள்ள முனைகள்

0, 1 ஆகிய முனைகள் கணினியோடு பேசுவதற்கும் பயன்படுகின்றன. அங்கு விளக்கை இணைத்தால், செய்தி போகும்போதும் வரும்போதும் அது மின்னும். மேலும், செர்வோ மோட்டாருக்குரிய ஆயத்த நிரலைச் சேர்த்தால், 9, 10ஆம் முனைகளில் விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்க இயலாது. கம்பியை எத்துணை முறை மாற்றினாலும் இக்குறை தீராது. வேறு முனையைத் தேர்ந்தெடுப்பதே வழி.

சோதிக்கும் ஒழுங்கு

முதலில் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும். பலகையிலேயே 13ஆம் முனையோடு ஒரு சிறு விளக்கு இணைந்துள்ளது. அது ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணையுமாறு நிரல் எழுதிப் பார்ப்போம். ஒழுங்காக மின்னினால் பலகையின் மூளை நலமே. பிறகு உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். எதைச் சேர்த்தபோது தடுமாற்றம் தோன்றியதோ, அங்கேதான் காரணம் ஒளிந்திருக்கும். ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது விளங்காது.

தளர்ந்த கம்பிகளை அசைத்துப் பார்ப்போம். நீண்ட துளைப்பலகைகள் சிலவற்றில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும், அதனையும் கவனிப்போம். மல்டிமீட்டர் இருப்பின், மோட்டார் ஓடும்போது 5 வோல்ட்டு குறைகிறதா என்று அளப்போம். ஒரு முனை மட்டும் பழுதெனத் தோன்றினால், நிரலையும் கம்பியையும் வேறு முனைக்கு மாற்றுவோம். ஒரு முனை போனாலும் மற்றவை உழைக்கக்கூடும். கம்பியை மாற்றுமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். வீட்டுச் சுவர் மின்சாரத்தை இச்சோதனைகளில் தொடவே கூடாது. அஃது உயிருக்கு ஆபத்து.

பெற்றோரே! மின்னணுவியல் அறியாவிடினும் தாங்கள் இதில் துணைபுரியலாம். பிள்ளை சோர்ந்து அமரும்போது, “எதை மாற்றினாய்? மாற்றிய பின் என்ன நடந்தது?” என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்ல முயலும்போதே பிள்ளையின் சிந்தனை ஒழுங்குபடும். விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் செய்யுங்கள். புதிய பலகை வாங்குவது இவை அனைத்தையும் செய்து பார்த்த பின் எண்ண வேண்டியது.

மாணவ மணிகளே! ஒழுங்காக எரியும் விளக்கைக் கண்டு மகிழ்வோம். தடுமாறும் விளக்கைக் கண்டால், சினம் கொள்ளாது காரணம் தேடுவோம். பொறுமையோடு காரணம் தேடிப் பழகிய கை நாளை எந்தக் கருவியையும் அஞ்சாமல் திறக்கும்.