கசப்பு: மருந்தா, எச்சரிக்கையா?

கசப்பானவை எல்லாம் உடலுக்கு நல்லவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது பாதி உண்மையே. மறுபாதியையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

தாவரங்களால் இடம்பெயர இயலாது. தம்மைத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விலக்கவே அவற்றுள் பல கசப்புப் பொருள்களை உருவாக்குகின்றன. அவற்றை இனங்காண மனித நாவில் ஏறத்தாழ 25 வகைச் சுவை ஏற்பிகள் உள்ளன. ஆகவே கசப்பு என்பது முதலில் ஓர் எச்சரிக்கை. ஆராய்ந்து உரிய அளவில் பயன்படுத்தும்போதே அது மருந்தாகிறது.

சிங்கோனா தரும் பாடம்

சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரெஞ்சு அறிஞர்கள் பெல்த்தியேயும் காவந்தூவும் குயினைனைப் பிரித்தெடுத்தனர். பட்டைக்குப் பட்டை மாறுபட்ட வீரியம், அதன்பின் நிறுத்து அளக்கத்தக்க மருந்தாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியிலும் டார்ஜிலிங் பகுதியின் மங்பூவிலும் சிங்கோனா பயிரிடப்பட்டது. வங்காளத்தில் அஞ்சலகங்களிலேயே குயினைன் பொட்டலங்கள் விற்கப்பட்டன. மலேரியாவிலிருந்து எண்ணற்றோரைக் காத்த அதே குயினைன், அளவு மிஞ்சினால் காதிரைச்சலையும் பார்வைக் குறைவையும் இதயத் துடிப்புக் கோளாறையும் விளைவிக்கும்.

பாகலும் சுரையும்

பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு. அதை உணவாக உண்பது நன்றே. ஆனால் அதன் சாறு நீரிழிவு மாத்திரைக்கு மாற்றாகாது. மாத்திரையுடன் மிகுதியாக அருந்தினால் சர்க்கரை அளவு தேவைக்கும் கீழே இறங்கக்கூடும். ஆதலால் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

சுரைக்காயின் நிலை வேறு. அது கசக்கக் கூடாத காய். கசந்தால் குக்கர்பிட்டாசின் என்னும் நச்சு அதில் மிகுந்துள்ளது என்று பொருள். அத்தகைய சாற்றை அருந்தியோர் கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, குருதி வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவற்றுக்கு ஆளாகியுள்ளனர். இந்தியாவில் உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழுவும் இதை ஆராய்ந்து எச்சரித்தது. இதற்கு மாற்று மருந்து இல்லை. ‘கசந்தால்தான் குணம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு பருகியதே பலருக்குக் கேடாயிற்று.

நாம் செய்யத்தக்கவை

• சாறு பிழியுமுன் சுரைக்காயின் சிறு துண்டைச் சுவைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். சமைப்பதால் அந்நச்சு நீங்கிவிடும் என நம்பலாகாது.

• பாகல், நெல்லி முதலியவற்றின் சாற்றுடன் சுரைச்சாற்றைக் கலக்கலாகாது. பிறவற்றின் சுவையில் கசப்பு மறைந்துவிடும்.

• அருந்தியபின் வயிற்றுவலியோ வாந்தியோ தோன்றினால், கைவைத்தியத்தில் காலம் கடத்தாது உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

எந்தக் காய் கசக்க வேண்டும், எது கசக்கலாகாது என்பதை இல்லத்துச் சிறாருக்கும் இன்றே சொல்லி வைப்போம்.